கொல்லம் 1041, ஒரு பக்கம்: குமரி மாவட்டத்துல சபை ரிஜிஸ்டரை வச்சு நடந்த ஒரு ஆய்வும் அதனால வந்த சிக்கலும்

சபை வரலாறு பத்தி ஆராய்ச்சி பண்ற பிள்ளைங்களுக்கும், அவங்கள ஃபீல்டுக்கு அனுப்புற கைடுங்களுக்கும், பழைய ரிஜிஸ்டரை பீரோவுல பூட்டி வச்சிருக்கிற கமிட்டிக்காரங்களுக்கும்தான் இத எழுதுறேன். சம்பந்தப்பட்ட ரெண்டு குடும்பத்து பெரியவங்க, ஆயர், மாணவி எல்லார்கிட்டயும் கேட்டு, அவங்க எழுதலாம்னு சொன்னத மட்டும் எழுதியிருக்கேன். ஊர் பேரு, ஆள் பேரு கிடையாது, ரிஜிஸ்டர்ல உள்ள ஒண்ணு ரெண்டு அடையாளத்த மாத்தியும் வச்சிருக்கேன். நான் நாகர்கோவில் பக்கம் ஒரு காலேஜ்ல ஹிஸ்டரி எடுக்கிறவன். அந்த பிள்ளைக்கு கைடு நான் இல்ல, லோக்கல்ல கூட நிக்க ஒரு ஆள் வேணும்னு அவளோட கைடு கேட்டாங்க, அப்படி உள்ள போனவன்.

பின்னணி

மாணவி வேற மாவட்டத்துக்காரி, பிஎச்டி மூணாவது வருஷம். தென் திருவிதாங்கூர்ல லண்டன் மிஷன் சபைகள்ல 1850க்கும் 1900க்கும் இடையில வந்து சேந்தவங்க யாரு, சேந்த பிறகு அவங்க பிழைப்பு என்னாச்சு, பொம்பளைங்க என்ன வேலைக்கு போனாங்க, இதுதான் அவ எடுத்த விஷயம்.

இதுல பெரிய சம்பவங்கள் எல்லாம் நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். 1806ல ரிங்கல்தோபேங்கிற மிஷனரி மயிலாடிக்கு வந்தது, அதுக்கு பிறகு மிஷனரி மீட் ஐயர், 1821ல மார்த்தா மால்ட் அம்மா நாகர்கோவில்ல லேஸ் பின்ன சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சது, 1859ல நாடார் பொம்பளைங்க மேல்சட்டை போட்டுக்கலாம்னு வந்த தோள்சீலை உத்தரவு, இத ஞாயிறு பள்ளி பிள்ளைங்களே ஒப்பிக்கும். ஆனா இந்த வரலாற எழுதினவங்க எதை வச்சு எழுதினாங்கன்னு பாத்தா பெரும்பாலும் மிஷனரிங்க லண்டனுக்கு அனுப்பின கடிதமும் வருஷ அறிக்கையும்தான். அது இப்ப லண்டன்ல சோவாஸ் லைப்ரரியில இருக்கு. அதுல இந்த வருஷம் இத்தனை பேர் ஞானஸ்நானம் வாங்கினாங்க, இத்தனை பேர் சபையில சேந்தாங்கன்னு கணக்கு வரும், பேரு வராது. பேரு வரணும்னா ஒண்ணு அவர் உபதேசியாரா (மிஷனரிக்கு கீழ சபைய பாத்துக்கிட்ட உள்ளூர் ஊழியரா) இருக்கணும், இல்லன்னா எதாவது வம்புல மாட்டினவரா இருக்கணும். சர்க்கார் பக்கம் போனா 1956 நவம்பர் வரைக்கும் நாம திருவிதாங்கூர், திரு-கொச்சி, அதனால பேப்பர் பாதி திருவனந்தபுரத்துல, அதுவும் மலையாளத்துல.

அதனால சாதாரண ஆளோட பேரும், அப்பா பேரும், என்ன வேலை பாத்தான்னும் ஒரே வரியில வேணும்னா அந்தந்த சபையோட ஞானஸ்நான ரிஜிஸ்டர்தான் கதி. ஆசியாவுல கிறிஸ்தவம் பத்தி எழுதுறவங்க எல்லாம் மிஷனரி கண்ணு வழியா பாத்தது போதும், உள்ளூர் சபை பேப்பர பாருங்கன்னு இப்ப ரொம்ப வருஷமா சொல்லிக்கிட்டு இருக்காங்க, நல்ல விஷயம்தான், நானும் கிளாஸ்ல அதத்தான் சொல்றேன். அந்த பேப்பர்ல பேரு உள்ளவங்களோட கொள்ளுப்பேரன் அடுத்த வீட்டுல இருக்கான்கிறது மட்டும் அந்த பேச்சுல வர்றதில்ல. 2011 சென்சஸ் கணக்குப்படி எங்க மாவட்டத்துல கிட்டத்தட்ட 47 சதவீதம் பேர் கிறிஸ்தவங்க. அப்போ இங்க சபை ரிஜிஸ்டர்னா அது பாதி ஊரோட குடும்ப கணக்காக்கும்.

அனுமதி கிடைச்ச விதம்

கல்குளம் பக்கம் உள்ள பழைய சபை ஒண்ணு. மாணவி யூனிவர்சிட்டி லெட்டரோட வந்தா, ஆயர் கமிட்டியில வச்சாரு, கமிட்டி சந்தோஷமா சரின்னு சொல்லிச்சு. நம்ம சபைய பத்தி டாக்டர் பட்டத்துக்கு எழுதப் போறாங்கன்னா யாருக்கு கசக்கும். செயலாளர் ஒரு பேப்பர்ல "ஆவணங்களைப் பார்வையிட அனுமதிக்கப்படுகிறது" அப்படின்னு ஒரே வரி எழுதி சீல் வச்சு குடுத்தாரு. யூனிவர்சிட்டி எத்திக்ஸ் ஃபாரம்ல நிறுவனத்தோட அனுமதிக் கடிதம் இருக்கான்னு ஒரு கட்டம், அதுல டிக். பேட்டி எடுக்கிற ஆளுங்ககிட்ட கையெழுத்து வாங்க தனி ஃபாரம் இருந்துச்சு. ரிஜிஸ்டர்ல பேரு உள்ளவங்க செத்துப் போனவங்கதானேன்னு அவங்க பத்தி அதுல ஒண்ணுமே இல்ல.

போட்டோ எடுக்கலாமா, எடுத்தா யாரு வச்சிருக்கலாம், யாருக்கு காட்டலாம், இதெல்லாம் யாரும் கேக்கவும் இல்ல சொல்லவும் இல்ல.

ரிஜிஸ்டர்ல என்ன இருந்தது

வெஸ்ட்ரியில, அதாவது கோயில ஒட்டின அறையில, ஒரு இரும்புப் பெட்டி, அதுல பழைய திரைச்சீலைத் துணியில சுத்தி அஞ்சாறு புக். ரெண்டு கறையான் தின்னு பொடியா போச்சு. மத்ததுல ஓரம் மட்டும் அரிச்சிருக்கு, நடுவுல எழுத்து தெளிவு. கருப்பு மசி காஞ்சு செம்பு நிறமா ஆயிடுச்சு, சில இடத்துல மசி பேப்பரையே தின்னு எழுத்து இருந்த இடம் ஓட்டையா இருக்கு. இங்கிலீஷ் வருஷம் ஒருத்தர் கைல எழுதியிருக்கு, பக்கத்துல கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள வருஷக் கணக்கு, வேற ஒருத்தர் கைல. மிஷனரியோ ஆயரோ வந்து ஞானஸ்நானம் குடுத்துட்டு போனப்புறம் உபதேசியாரு உக்காந்து மிச்சத்த நிரப்பினாரு போல. கொல்லம் 1041னா 1865-66.

தேதி, புதுப் பேரு, பழைய பேரு, அப்பா அம்மா, ஊரு, தொழில் எல்லாம் வரிசையா இருக்கு. தொழில்ல பனையேறி, கூலி, நெய்த்து, அபூர்வமா வாத்தியார். புதுப் பேரப் பாத்தா திடீர்னு ஒரு இங்கிலீஷ் பேரு வந்து நிக்கும், லண்டன் மிஷன்ல ஒரு வழக்கம் உண்டு, இங்கிலாந்துல இருந்து பணம் அனுப்பினவங்க பேரையே இங்க அந்த பணத்துல படிக்கிற பிள்ளைக்கோ உபதேசியாருக்கோ வச்சிடுவாங்க. கடைசியா தலைப்பே இல்லாத ஒரு அகலமான இடம். அதுலதான் உபதேசியாரு மனசுக்கு பட்டத எழுதி வச்சிருக்காரு: சாதி, பஞ்சத்துல வந்தவங்க, புருஷன் விட்டுட்டு போனவ, குடி உண்டு, அப்புறம் "இன்னார் வீட்டு ஆள்".

இந்த கடைசி குறிப்புதான் ஆராய்ச்சிக்கு தங்கம். திருவிதாங்கூர்ல அடிமை ஒழிப்பு உத்தரவு 1855ல வந்தாச்சு. ஆனா பத்து வருஷம் கழிச்சும் ஒரு மனுஷன அவன் அப்பா பேருக்கு பக்கத்துலயே எந்த வீட்டு ஆளுன்னும் எழுதியிருக்குன்னா உத்தரவு வேற, ஊர் வேற. 1860 பஞ்சமும் காலராவும் வந்த பிறகு சபைக்கு வந்தவங்கள்ல எத்தனை பேர் யாரோட நிலத்துல இருந்து வந்தாங்கன்னு லண்டன் பேப்பர்ல பாக்க முடியாது, இதுல பாக்கலாம். மாணவி ஒவ்வொரு பக்கமா போன்ல போட்டோ எடுத்தா. பக்கம் மடங்காம பிடிச்சுக் குடுக்க வாலிபர் சங்கத்துப் பையன் ஒருத்தன ஆயர் ஏற்பாடு பண்ணியிருந்தாரு.

போட்டோ வெளிய போனது

2024 டிசம்பர், கிறிஸ்துமஸ் நேரம். சபை வரலாறு பத்தி சின்னதா ஒரு கண்காட்சி வைக்கலாம்னு வாலிபர் சங்கத்துல பேச்சு. அந்தப் பையன் அவன் போன்லயும் ஒண்ணு ரெண்டு பக்கம் எடுத்திருந்தான், அதுல எழுத்து நல்லா விழுந்த ஒரு பக்கத்த சபை வாட்ஸப் குரூப்புல "நம் முன்னோரின் சாட்சி" அப்படின்னு போட்டு விட்டான். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது, அவனுக்கு அந்த பழைய எழுத்து முழுசா வாசிக்கவும் வராது.

வாசிக்கத் தெரிஞ்ச பெருசுங்க குரூப்புல உண்டு. ஒரு ரிட்டயர்டு வாத்தியார் பெரிசாக்கி பாத்து வரிக்கு வரி டைப் பண்ணி கீழ போட்டாரு, அவருக்கு அது ஒரு சேவை. அந்தப் பக்கத்துல ஏழாவது வரியில உள்ள ஆளோட வம்சம் இன்னைக்கும் அதே சபையில இருக்கு, சாம்பவர் குடும்பம். கடைசி குறிப்புல எந்த வீட்டு ஆளுன்னு எழுதியிருந்துச்சோ அந்த வீட்டுப் பேரும் இன்னைக்கும் அதே சபையில இருக்கு, அவங்க வீட்டுப் பையன் கமிட்டியில ஒரு பொறுப்புல இருக்காரு. சாதிப் பேரு அந்தக் காலத்துல எழுதின மாதிரியே, இப்ப யாரும் எழுத கூசுற சொல்லுல இருந்துச்சு.

அரை மணி நேரத்துல பெகளம். ஒருத்தர் சிரிப்பு ஸ்மைலி போட்டாரு, அதுக்கு பிறகு வந்த வாய்ஸ் மெசேஜ் எல்லாம் இங்க எழுத முடியாது. ஆயர் பாத்துட்டு டெலீட் பண்ணச் சொன்னாரு, பண்ணினாங்க, அதுக்குள்ள வேற ரெண்டு மூணு குரூப்புக்கு போயாச்சு.

கோவம் எங்க இருந்து வந்தது

வெளிய இருந்து பாத்தா சாதிய சொன்னதுல வந்த கோவம்னு தோணும். பேசிப் பாத்தப்போ ஒண்ணுக்கொண்ணு வேற வேறயா மூணு விஷயம் வந்துச்சு.

அந்த குடும்பத்துல மூத்த பாட்டி ஒருத்தங்க இருக்காங்க. மாணவியும் நானும் ஆயரோட போய் உக்காந்தோம். சாயா குடுத்தாங்க, கொஞ்ச நேரம் பேசவே இல்ல, பிறகு மாணவிய பாத்து சொன்னாங்க: "மக்களே, இது எங்களுக்கு தெரியாத காரியமா? எங்க அம்மை சொல்லித்தான் எங்கள வளத்தா. அவங்க வீட்டு முத்தத்துல எங்க ஆளுங்க நின்னதும் தெரியும், இப்ப என் பேரன் அங்க போனா நாற்காலி போடுறதும் தெரியும். ஆனா அத நாங்க சொல்லணும். ஊருக்கு செல்போன்ல வரப்பிடாது." அவங்களுக்கு அவமானம்னு ஒண்ணு இல்ல, அவங்க கைல இருந்த கதைய வேற யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்கன்னு வருத்தம்.

அவங்க மகனுக்கு கவலை வேற. பேரனுக்கு பொண்ணு பாத்துக்கிட்டு இருந்தாங்க, பேச்சு பாதி வழியில நின்னுச்சு. அதுக்கு மேல, அவங்க உறவுல ஒரு பகுதி ஆளுங்க சர்டிபிகேட்ல இந்துன்னு உள்ளவங்க. 1950ல வந்த ஜனாதிபதி உத்தரவுப்படி எஸ்சி அந்தஸ்து இந்துவுக்கும், 1956ல சேத்த சீக்கியருக்கும், 1990ல சேத்த பௌத்தருக்கும்தான், கிறிஸ்தவத்துக்கு மாறின ஆதிதிராவிடர் தமிழ்நாட்டுல பிசி லிஸ்ட்ல வருவாங்க. போட்டோ வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 2024 நவம்பர் 26ம் தேதி, புதுச்சேரியில ஒரு பெண்ணோட எஸ்சி சர்டிபிகேட் வழக்குல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்லி இருந்துச்சு. அதுல அந்தப் பெண் கைக்குழந்தையா இருக்கும்போது குடுத்த ஞானஸ்நானமே அவங்களுக்கு எதிரா பேசப்பட்டுச்சு. அந்த நியூஸ் எல்லா குரூப்புலயும் சுத்திக்கிட்டு இருந்த நேரத்துல ஞானஸ்நான ரிஜிஸ்டர் பக்கம் ஒண்ணு வாட்ஸப்ல வந்து விழுந்தா எப்படி இருக்கும். 1865ம் வருஷத்து பக்கத்த வச்சு யாரு சர்டிபிகேட்டையும் ரத்து பண்ண முடியாதுன்னு நான் சொல்லிப் பாத்தேன். அவர் திருப்பிக் கேட்டாரு, "இந்த பக்கத்த எடுத்த போன்ல 1995ம் வருஷத்து பக்கம் இல்லன்னு நீங்க சொல்லுவீங்களா சார்?" நியாயமான கேள்வி. மாணவி 1900க்கு பிறகு உள்ளத தொடவே இல்ல, ஆனா அவருக்கு அது எப்படி தெரியும், அனுமதிக் கடிதத்துல வருஷமே இல்லையே. யாரு எந்த சர்டிபிகேட்டுக்கு உரியவங்கன்னு சொல்ற ஆள் நான் இல்ல, அத இங்க தொடவும் போறதில்ல.

மூணாவது, கடைசி குறிப்புல பேரு வந்த அந்த வீட்டுக்காரங்க பக்கம். அவங்களும் குனிஞ்ச தலையாத்தான் இருந்தாங்க. எங்க பாட்டா கோயிலுக்கு நிலம் குடுத்தவருன்னு கல்வெட்டு இருக்கு, இப்ப ஆள் வச்சிருந்தவருன்னு ஊரு பேசுதுன்னு கமிட்டியில உள்ள அந்த வீட்டுக்காரர் சொன்னாரு. ரெண்டும் ஒரே மனுஷன்தான், ரெண்டும் உண்மைதான், ஆனா அத அந்த நேரத்துல அவர்கிட்ட சொல்ல முடியுமா.

கமிட்டி கூட்டம்

ஜனவரியில ஒரு ஞாயிறு ஆராதனை முடிஞ்சு கூட்டம். மாணவியும் அவ கைடும் வந்திருந்தாங்க, எனக்கும் ஒரு ஓரமா நாற்காலி. ரெண்டு மணி நேரத்துக்கு மேல போச்சு, அதுல முதல் பாதி சத்தம்.

முதல்ல வந்த கோரிக்கை அந்தப் பக்கத்த கிழிச்சிடணும்னு. ஆச்சரியம் என்னன்னா இத ரெண்டு குடும்பத்துல இருந்தும் கேட்டாங்க, அந்த ஒரு விஷயத்துல ஒத்துமை. ஆயர் இதுக்கு மட்டும் அசையவே இல்ல. பிறப்பு பதிவு சரியா இல்லாத காலத்து ஆளுங்க இன்னைக்கும் வயசு நிரூபிக்க இந்த பெட்டியில உள்ள புக்கத்தான் நம்பி வர்றாங்க, ஒரு பக்கத்த இன்னைக்கு கிழிச்சா நாளைக்கு இந்த பெட்டியில இருந்து குடுக்கிற எந்த சர்டிபிகேட்டையும் யாரும் நம்ப மாட்டாங்க, அந்தப் பக்கத்துக்கு பின்னாடியும் பத்துப் பேரு இருக்காங்க, அவங்ககிட்ட கேட்டீங்களா அப்படின்னாரு. கிழிக்கிற பேச்சு அதோட நின்னுச்சு.

அடுத்து, எடுத்த போட்டோ எல்லாத்தையும் எல்லார் முன்னாடியும் அழிக்கணும். கைடு இத ஒத்துக்கல. ஆதாரம் இல்லாம எழுதினா நாளைக்கு எவனாவது இது கற்பனைன்னு சொல்லுவான், அப்போ இந்த ஜனங்க பட்டது நடக்கவே இல்லன்னு ஆகும்னாங்க. அவங்க சொன்னதுல விஷயம் இருக்கு, ஆனா சொன்ன விதம் கொஞ்சம் கிளாஸ் எடுக்கிற மாதிரி, அது அங்க எடுபடல.

நூறு வருஷத்துக்கு மேல உள்ளத பாக்கலாம், அதுக்கு இந்தப் பக்கம் வேண்டாம்னு ஒருத்தர் வச்சாரு. எல்லாரும் தலையாட்டினாங்க, ஆவணக் காப்பகத்துல எல்லாம் அப்படித்தானே வழக்கம். அப்போ பெண்கள் ஐக்கியத்துல இருந்து வந்த ஒரு ஸ்கூல் டீச்சர் எந்திரிச்சு, "நூறு வருஷம் ஆனா சாதி தீந்திடுமா? இப்ப சண்டை வந்தது நூத்தி அறுபது வருஷத்து பக்கத்துலதானே" அப்படின்னாங்க. கூட்டம் அதுக்குப் பிறகுதான் உருப்படியா பேச ஆரம்பிச்சுச்சு. எந்த வருஷம்கிறத விட்டுட்டு எந்த தகவல் வெளிய போகலாம்கிற பக்கம் பேச்சு திரும்புச்சு.

எடுத்த முடிவும் காரணமும்

போட்டோ எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்க்ல ஏத்தி அதே இரும்புப் பெட்டியில வைக்கிறது, மாணவி போன்லயும் லேப்டாப்லயும் உள்ளத அழிக்கிறது. அழிக்கவும் இல்ல, வெளிய போகவும் இல்ல. தேர்வாளர் யாருக்காவது சந்தேகம்னா ஆயருக்கு எழுதி, வந்து உக்காந்து பாக்கலாம். கைடு இதுக்கு சம்மதிச்சாங்க.

பேரு, வீட்டுப் பேரு, ஊருக்குள்ள உள்ள சின்ன இடப் பேரு மூணும் குறிப்பேட்டுல வரக்கூடாது. மாணவி வெஸ்ட்ரியிலயே உக்காந்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு நம்பர் போட்டு பென்சில்ல எழுதணும்: வருஷம், ஆணா பெண்ணா, தொழில், யாரோட நிலத்துலயாவது இருந்தவங்களா, எழுதத் தெரியுமா. நம்பருக்கும் பேருக்கும் உள்ள தொடர்பு பட்டியல் சபையிலயே இருக்கும். கூட ஒரு ஆள் இருக்கணும், அது வாலிபர் சங்கத்துப் பையனா இருக்கக்கூடாது, கமிட்டியும் வேண்டாம். அந்த டீச்சரையே கேட்டாங்க, அவங்க சனிக்கிழமை மட்டும் வரேன்னாங்க. கமிட்டியில அன்னைக்கு இருந்தவங்க பாதிக்கு மேல ஒரே சாதிக்காரங்க, அவங்க கைலயே சாவி இருந்தா மத்த பக்கத்துக்கு நம்பிக்கை வராதுன்னு ஆயர் தனியா என்கிட்ட சொன்னாரு, கூட்டத்துல அத சொல்லல.

ஏழாவது வரி குடும்பத்துக்கு மட்டும் தனியா ஒரு முடிவு. அவங்க வரிய நம்பரா கூட எடுக்கணுமா வேண்டாமான்னு அவங்களே சொல்லட்டும்னு விட்டாங்க. பாட்டி எடுக்கலாம்னாங்க, மகன் வேண்டாம்னாரு. மகன் சொன்னபடி விட்டாச்சு. வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா வேண்டாம்தான்னு மாணவி முடிவு பண்ணினா, எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல, பாட்டியோட கதை பாட்டியுடையதுதானே. ஆனா மருமகளும் பேரனும் அந்த ஊர்லயே இருக்கணும்னு அவ சொன்னது சரியான பதில்.

பிறகு நடந்தது

வேலை இழுத்துச்சு. போன்ல எடுத்திருந்தா வாரக் கணக்குல முடியிறது, சனிக்கிழமை மட்டும் பென்சில்னா எப்படி இருக்கும். அதுல ஒரு செமஸ்டர் போச்சு, ஃபெல்லோஷிப் பணமும் நின்னுச்சு, டீச்சர் வீட்டுலதான் மதியம் சாப்பாடு. ஆய்வும் மாறிச்சு. ஒரு குடும்பத்த மூணு தலைமுறைக்கு பின்தொடர்ந்து பனையேறியோட பேத்தி லேஸ் பின்னி, அவ மகள் நர்ஸ் ஆன கதைய எழுதணும்னு அவ நினைச்சிருந்தா, பேரும் வீட்டுப் பேரும் இல்லாம அது முடியாது. அந்த அத்தியாயம் போச்சு. இது சின்ன இழப்புன்னு நான் சொல்ல மாட்டேன், தென் திருவிதாங்கூர் சபை வரலாறுல அப்படி ஒண்ணு எழுதப்பட்டிருந்தா நல்லாத்தான் இருந்திருக்கும்.

அதுக்கு பதிலா ஒண்ணு தானா வந்துச்சு. டீச்சர் ஒரு சனிக்கிழமை பெட்டியோட அடியில இருந்து நீளமான கணக்கு நோட்டு நாலு எடுத்துக் குடுத்தாங்க, பிடியரிசி நோட்டு. உலை வைக்கும்போது அளந்த அரிசியில ஒரு பிடி எடுத்து தனியா ஒரு கலயத்துல போட்டு வச்சு ஞாயிறு கோயிலுக்கு கொண்டு வர்ற வழக்கம் இங்க எல்லா பழைய சபையிலயும் உண்டு, அத ஆராதனை முடிஞ்சு ஏலம் விட்டு வர்ற காசு சபைக்கு. ரிஜிஸ்டர்ல பொம்பளை பேரு இன்னாரோட மனைவி, இன்னாரோட மகள்னு தொங்கிக்கிட்டு இருக்கும். இந்த நோட்டுல அவங்களே அரிசி குடுத்தவங்க, அதனால அவங்க பேரே முதல்ல. எத்தனை நாழி, எத்தனை உழக்குன்னு வாராவாரம். சாதியும் இல்ல, யாரு வீட்டு ஆளுன்னும் இல்ல.

1942ல இருந்து உள்ள பக்கங்கள் விசேஷம். பர்மாவ ஜப்பான் பிடிச்சதும் திருவிதாங்கூருக்கு வந்துக்கிட்டு இருந்த அரிசி நின்னு போச்சு, இங்க கடும் தட்டுப்பாடு. நோட்டுல அரிசி அளவு சுருங்கி சுருங்கி வருது, பிறகு நாழி போயி "கிழங்கு" அப்படின்னு எழுத ஆரம்பிக்குது, மரச்சீனிதான். சில வாரம் பேரு இருக்கு, நேரா ஒரு கோடு மட்டும் இருக்கு. குடுக்க ஒண்ணும் இல்லன்னாலும் பேர விடாம எழுதியிருக்காங்க. மாணவி இத வச்சு பெரியவங்ககிட்ட பேட்டிக்கு போனப்போ கதவு தானா திறந்துச்சு, ஏழாவது வரி பாட்டி உட்பட. அவங்க அம்மை பேரு நோட்டுல இருந்தத வாசிச்சு காட்டச் சொல்லி ரெண்டு தடவ கேட்டாங்க, இத போட்டோ எடுத்துக்கோன்னு அவங்களே சொன்னாங்க. இந்த ஒரு அத்தியாயத்துல மட்டும் கேட்டு, எழுதி வாங்கி, பேரு வந்திருக்கு.

ஆய்வேட்டோட காலம் 1900ல முடியுது, நோட்டு அதுக்குப் பிறகு, அதனால யூனிவர்சிட்டியில தலைப்ப கொஞ்சம் நீட்டி வாங்க வேண்டி வந்துச்சு. இப்ப சமர்ப்பிச்சாச்சு.

ஊருக்குள்ள நிலவரம்: பேரனுக்கு பேசின சம்பந்தம் நடக்கல. காரணம் இதுதான்னு யாரும் சொல்லல, வேற பேச்சும் இருந்துச்சு. மகன் குடும்பம் பக்கத்து ஊர் சபைக்கு போறாங்க, பாட்டி மட்டும் இங்கயே வர்றாங்க, மாறி உக்காரல, எப்பவும் உக்காருற இடம்தான். அந்த வீட்டுக்காரர் கமிட்டி பொறுப்ப அடுத்த தேர்தல்ல விட்டுட்டாரு. வாலிபர் சங்கத்துப் பையன்தான் எல்லாருக்கும் முன்னாடி ரொம்ப பேச்சு வாங்கினவன், அவன் மேல அவ்வளவு விழுந்திருக்க வேண்டாம், அனுமதிக் கடிதத்துல ஒரு வரி இருந்திருந்தா அவன் கைல போனே இருந்திருக்காது. யாரு சர்டிபிகேட்டுக்கும் இதுவரைக்கும் எந்த பிரச்சனையும் வரல.

மாத்த வேண்டியது

ஆராய்ச்சி பக்கம்: எத்திக்ஸ் ஃபாரம்ல நிறுவன அனுமதியோட, அந்த ஆவணத்துல வர்றவங்க வம்சம் அங்கயே இருக்கா, தகவல் வெளிய வந்தா அவங்களுக்கு கல்யாணத்துலயோ வேலையிலயோ சர்டிபிகேட்டுலயோ என்ன ஆகும்னு தனியா ஒரு கேள்வி வேணும். இறந்தவங்க தகவல்தானேன்னு கடந்து போற கட்டம் எங்க பக்கத்துக்கு சரிப்படாது. முதல் நாளே ரிஜிஸ்டரை திறக்காம முதல்ல பிடியரிசி நோட்டு, ஏலக் கணக்கு, பெண்கள் ஐக்கிய மினிட்ஸ் இப்படி ஆரம்பிக்கலாம், ஜனங்களோட பழகின பிறகு மத்தது. என் காலேஜ்ல இப்ப ஃபீல்டுக்கு போற பிள்ளைங்களுக்கு இந்த வரிசையத்தான் சொல்றேன்.

சபை பக்கம்: பார்வையிடலாம்னு ஒரு வரி போதாது. எந்த புக், எந்த வருஷம் வரைக்கும், போட்டோ உண்டா இல்லையா, யாரு கூட இருப்பாங்க, எடுத்தது எங்க இருக்கும், இத ஒரு பக்கம் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போடணும். இந்த சபையில இப்ப அப்படி ஒரு தாள் இருக்கு, டீச்சர்தான் எழுதினாங்க, பக்கத்து சேகரத்துல (பல சபை சேந்த வட்டாரத்துல) ரெண்டு சபை அத வாங்கிட்டு போயிருக்கு. வெஸ்ட்ரிக்குள்ள போன் வெளிய வச்சிட்டுத்தான் போகணும்னும் ஒரு வரி அதுல உண்டு, அது கமிட்டிக்காரங்களுக்கும் சேத்துத்தான்.

கறையான் பிரச்சனை தனியா நிக்குது. ஹார்ட் டிஸ்க்ல உள்ளது 1900 வரைக்கும் மட்டும். அதுக்கு பிறகு உள்ள புக் எதையும் யாரும் ஸ்கேன் பண்ண துணியல, இந்த சம்பவத்துக்கு பிறகு கேட்டாலே முகம் மாறுது. சனிக்கிழமை டீச்சர் போகும்போது வேப்பிலை மாத்தி வைக்கிறாங்க. அடுத்த கமிட்டி வந்தா ஸ்கேன் விஷயத்த வைக்கலாம்னு ஆயர் சொன்னாரு, அவருக்கு மே மாசம் டிரான்ஸ்ஃபர் வரும்.